நடுவில் நின்ற நட்சத்திரம்

அழகான படம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் என் அறிவு எழுந்து வெளியே போய்விடும். ஆராய்ச்சி மாணவியாகத் திருவனந்தபுரத்தில் நான் பேசிய முதல் கருத்தரங்கில் அதுதான் நடந்தது. ஆராய்ச்சியைத் தொடர விடுவார்களா என்பதை அன்றைய பேச்சை வைத்துத்தான் குழு முடிவு செய்யும்.

ஊரின் பெரிய கடைத்தெருவான சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பா, வியாபார நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். (நான் கூப்பிடவில்லை. அம்மா சொல்லிவிட்டாள்.)

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பக்கத்து விண்மீன் மண்டலங்களில், சூரியனைவிடப் பல மடங்கு கனமான, கொதிக்கும் நட்சத்திரங்கள் புற ஊதா ஒளியைக் கொட்டுகின்றன. அது சுற்றியிருக்கும் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகிறது. அவை திரும்பி வந்து சேரும்போது வாயு மேகம் சிவப்பாக ஒளிர்கிறது. அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரில் எடுத்த படத்தைப் போட்டு, ஓரத்தில் இருந்த பெரிய புள்ளியைக் காட்டினேன். யாரும் கவனிக்காத மாபெரும் மேகம், உள்ளே ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் என்றேன். (என் வழிகாட்டிக்கே ஆச்சரியமாக இருக்கட்டும் என்று முந்தின நாள்தான் சேர்த்திருந்தேன்.)

குழுவிலிருந்த பேராசிரியை வேறு நிறத்தை விடும் ஃபில்டரில் எடுத்த படத்தையும் காட்டச் சொன்னார். காட்டினேன். மற்ற மேகங்கள் எல்லாம் மறைந்துவிட்டன. என்னுடையது மட்டும் அப்படியே ஜொலித்தது.

எல்லா நிறத்திலும் தெரிந்தால் அது மேகமல்ல, நமக்கும் அந்த மண்டலத்துக்கும் நடுவே நிற்கும் நம் பால்வீதி நட்சத்திரம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். சரிசெய்துகொண்டு மறுபடி வந்து பேசும்படி குழு என்னை அனுப்பிவிட்டது.

வெளியே அப்பாவிடம் அழுதுகொண்டே விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்பம் அது நம்ம ஆளுதானட்டி. பொறவு எதுக்குக் கரையுத?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த நட்சத்திரத்தை நினைத்துப் பார்த்தேன். பாவம், அது ஓர் அணுவைக்கூட உடைத்திருக்காது. தன் பாட்டுக்கு நின்றதன் தலையில் ஆயிரம் நட்சத்திரங்களின் கொதிப்பை ஏற்றியது நான்தான்.

இரண்டாவது பேச்சு தேறியது. அப்பா மட்டும் முதல் பேச்சை விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது சபையில் வைத்தே சொன்னார்: "ஒரு ஃபில்டர்ல பாத்தாப் போதாதுட்டி. இன்னொண்ணுலயும் பாத்துக்கோ."

மாப்பிள்ளையின் அம்மா சற்றும் தயங்காமல், தங்கள் வீட்டிலும் ஃபில்டர் காபிதான் என்று உறுதி கொடுத்தார்.

இந்தக் கதையை இன்று அதிகம் சொல்வது என் கணவர்தான். எந்த ஃபில்டரில் அவர் தேறினார் என்பதை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.