சோணை காவல் காக்கும் கம்ப்யூட்டர்

மலைத்தோட்டம், போடி,
தை மாதம், 1989.

மதிப்பும் பாசமும் மிக்க பெரியண்ணன் அமாவாசை அவர்களுக்கு, தம்பி மலைச்சாமி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ராமுத்தாயும், கறவை மாடும், மழை பெய்தால் ஒழுகும் கூரையும் சுகம். சென்னையில் தாங்களும், மதினி சுந்தரம்மாளும், மதினியின் முழங்காலும் சுகமாக இருக்கச் சாமியை வேண்டுகிறேன்.

அண்ணே, ஜெயித்துவிட்டேன். இதைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. தீபாவளிக்கு வந்தபோது தாங்கள் என்ன சொன்னீர்கள்? "தோட்டத்துல இருந்தா போடி ஆபீசுல வேலை நடக்கலை, ஆபீசுல இருந்தா தோட்டத்துல ஏலக்காய் களவு போகுது. பொங்கலுக்குள்ள மலையில இருந்துக்கிட்டே ஆபீசைப் பார்த்துக் காட்டு. இல்லேன்னா தோட்டத்தை நம்ம வெள்ளைத்துரைக்கே வித்துட்டு, கீழ வந்து நாற்காலியில உக்காரு." சித்தப்பா மகன் வெள்ளைத்துரை அப்போது என் பக்கத்து இலையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாங்கள் அதைச் சொன்னதும் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கினான். இந்தத் தோட்டத்தை விட்டு என்னால் இருக்க முடியாது அண்ணே, அவ்வளவுதான். போடி வெயிலில் அந்த நாற்காலியில் ஒரு மாதம் உட்கார்ந்தால், அடுத்த மாதம் என்னைத் தூக்கிக்கொண்டு போகத் தாங்கள் வர வேண்டியிருக்கும்.

அதனால் மதுரையிலிருந்து எஞ்சினியர் சோலையை வரவழைத்தேன். வெள்ளைத்துரையின் ஏலக்காய்க் கடைக்கும் கம்ப்யூட்டர் கொடுத்தவர் அவர்தான். நல்ல மனிதர், நெற்றி எது தலை எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வழுக்கை. போடி ஆபீசில் ஒரு பெரிய கம்ப்யூட்டர், மலைவீட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னது, இரண்டுக்கும் நடுவில் டெலிபோன் கம்பி. நான் மேலே இருந்து ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டால், கீழே இருக்கும் கம்ப்யூட்டரே போனை எடுத்து, குடோனில் எத்தனை மூட்டை, எந்த ரகம், ஏலத்தில் எந்த விலைக்குக் கீழே விடக்கூடாது எல்லாவற்றையும் என் திரையில் காட்டும். நான் இங்கே ஒன்றை மாற்றித் தட்டினால் அங்கேயும் மாறிவிடும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். கம்பி இழுத்த வாரமே காட்டுமாடு ஒன்று கம்பத்தில் முதுகு சொறிந்து கம்பத்தையே படுக்க வைத்துவிட்டது. அதை நிமிர்த்தினால் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்க மறுத்தது. திறந்து பார்த்தால், பூஜை போட்டபோது ராமுத்தாய் குழைத்து வைத்த சந்தனம் அதன் காற்றுத் துவாரத்துக்குள் காய்ந்து கிடக்கிறது. சோலை அதைக் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, "அம்மா, அடுத்த தடவை கும்புடுறதோட நிறுத்திக்கங்க" என்று சொன்னார்.

இதையெல்லாம் தாண்டி முதல் போன் போட்ட அன்றுதான் பெரிய கூத்து. நம் ஆபீஸ் கணக்கர் கன்னையனிடம், மணி அடித்தால் எடுக்காதே, கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். அவன் பழகின கை கேட்குமா? எடுத்துவிட்டான். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் சத்தம் தாங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கீச்சென்று ஏறி, ஓவென்று இறங்கும். மலைவீட்டுப் போனில் யாரோ பெண்பிள்ளை ஒப்பாரி வைக்கிறாள் என்று கன்னையன் முடிவு கட்டிவிட்டான். மலைவீட்டில் இருக்கிற பெண்பிள்ளை ராமுத்தாய். ராமுத்தாய் இப்படி அழுதால் அது அவள் ஆத்தாளுக்காகத்தான் இருக்கும். ராசிங்காபுரத்தில் என் மாமியார் சுருளியம்மாளுக்கு ரொம்ப நாளாகவே இழுப்பு. உடனே ஆபீசைப் பூட்டி, மாலை வாங்கிக்கொண்டு, எடைபோடுகிற ஆட்களையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அங்கே என் மாமியார் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். மாலையைப் பார்த்துவிட்டு, "யாருக்குய்யா?" என்று கேட்டிருக்கிறார். கன்னையன் திருதிருவென்று முழித்து, "உங்களுக்குத்தான் ஆத்தா" என்று சொல்லியிருக்கிறான். என் மாமியார் லேசுப்பட்டவரா? கழுத்தை நீட்டி மாலையைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு காப்பியும் கொடுத்து, "இனிமே நெசமாப் போகும்போது நீ வெறுங்கையோட வா, போதும்" என்று அனுப்பி வைத்திருக்கிறார்.

"அறிவிருக்காடா?" என்று கன்னையனைக் கேட்டேன். "மொதலாளி, மணி அடிக்கும்போது எடுக்காம உக்காந்திருந்தா அது மருவாதியா? யாராச்சும் செத்த கேதச் சேதியா இருந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். கடைசியில் ஆபீஸ் போனைச் சாக்கில் சுற்றி, கூடையைப் போட்டு மூடி, கூடையின் மேல் எடைக்கல்லைத் தூக்கி வைத்தோம். பிறகுதான் கம்ப்யூட்டருக்குப் போன் எடுக்க வழி பிறந்தது.

அடுத்து ரகசியச் சொல். ஆபீஸ் கம்ப்யூட்டர் கதவைத் திறப்பதற்கு முன்னால் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கும். சரியாகத் தட்டினால்தான் உள்ளே விடும். "உங்களுக்கு மறக்கக் கூடாது, வெளியாளுக்குத் தெரியக் கூடாது" என்றார் சோலை. கன்னையன் தன் மகள் பெயரைச் சொன்னான். அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். ராமுத்தாய் மாட்டின் பெயரைச் சொன்னாள். அவள் கூப்பிடுகிற சத்தம் மலை உச்சியில் போடிமெட்டு வரைக்கும் கேட்கும். நான் கண்ணை மூடி நம் குலசாமியை நினைத்தேன், பளிச்சென்று வந்துவிட்டது. சோணை! நமக்குச் சாகும்வரை மறக்காது. வெளியாள் ஒருத்தனுக்கும் தெரியாது. மாசி சிவராத்திரிக்குச் சாமி கும்பிட வருகிற நம் பங்காளி வீடுகளுக்கு மட்டும்தான் தெரியும். சாமி பேரைச் சொல்லி எவன் திருட்டுத்தனம் செய்வான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணே, அந்தத் திரையில் நம் குடோன் மூட்டைகள் வரிவரியாக வந்து நின்றபோது நான் போட்ட கூச்சலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ராமுத்தாய் நம்பவில்லை. கன்னையனை விட்டு மூட்டைகளை எண்ணச் சொன்னாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை.

இனிமேல்தான் வெற்றி. போன ஏலத்துக்கு முந்தின நாள் கட்டிலில் படுத்தபடியே நம் காய்க்குக் கீழ்விலையைத் தட்டிவிட்டுத் தூங்கினேன். மறுநாள் கன்னையன் கம்ப்யூட்டரைப் பார்த்தால் அதில் நான் நினைத்ததைவிட மிகவும் கூடுதலான விலை நிற்கிறது! அவன் சொன்ன சொல் தவறாதவன். அந்த விலைக்குக் கீழே விடமாட்டேன் என்று ஏலத்தில் தூண் மாதிரி நின்றுவிட்டான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், வெள்ளைத்துரை எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்திருக்கிறான். ஆனால் வடக்கேயிருந்து ஒரு வியாபாரி அவசரமாக ஏற்றுமதிக்கு நல்ல பச்சை நிறக் காய் தேடி வந்தவர், நம் காயைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, அந்த விலைக்கே மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். இந்த வருஷத்தில் போடியில் யார் காய்க்கும் போகாத விலை. நான் தட்டியது வேறு, அங்கே நின்றது வேறு என்பதை மறைக்க மாட்டேன். என் விரல் மேல் சோணையே வந்து உட்கார்ந்து தட்டியிருக்கிறார். ஆனாலும் விரல் என்னுடையதுதானே?

ஆகவே அண்ணே, தாங்கள் வாக்குக் கொடுத்தபடி தோட்டத்தை விற்கும் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டும். இது உங்கள் தம்பி காலில் விழுந்து கேட்பது அல்ல, ஜெயித்து நின்று கேட்பது. மதினிக்கு ஏலக்காய் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன், காப்பியில் கொஞ்சமாகப் போடச் சொல்லவும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. தங்களுக்கு எங்கள் நமஸ்காரம். சோணை துணை.

இப்படிக்கு,
ஏலத்தில் ஜெயித்த தம்பி
மலைச்சாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வெள்ளைத்துரை ஜீப்பில் வந்து இறங்கினான். வாங்க என்று சொல்வதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டான். "ஏண்ணே, சோணை ஒனக்கு மட்டும் சாமியா? நானும் வருசா வருசம் கெடா வெட்டலை? ஒன் காயி விக்காமக் கெடக்கட்டும்னு நாந்தானே எங்கடை கம்ப்யூட்டர்ல இருந்து போன் போட்டு ஒன் கம்ப்யூட்டருக்குள்ள வந்து வெலைய ஏத்தி வச்சேன்! எங்காயி அப்படியே கெடக்கு, ஒங்காயி போயிருச்சு. இது அடுக்குமா?" என்று கேட்டுவிட்டு, கோபத்தோடேயே சாப்பிட்டுவிட்டுப் போனான். எப்படி உள்ளே வந்தான் என்று கேட்டேன். "வேற எந்தப் பேரை வைக்கப் போற? முதத் தட்டுலயே தொறந்துக்கிருச்சு" என்கிறான். உடனே ரகசியச் சொல்லை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். ராமுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, மாத்தாதீக. நீங்க போட்ட கொறஞ்ச வெலைக்கு வித்திருந்தா இந்நேரம் தோட்டம் கைய விட்டுப் போயிருக்கும். அடுத்த ஏலத்துக்கும் அவுகளே வெலை போடட்டும்" என்கிறாள். சொல்லை மாற்றவில்லை. சிவராத்திரிக்குத் தாங்கள் வரும்போது இதை வெள்ளைத்துரையிடம் மூச்சு விட வேண்டாம்.