பதினேழு பிழைகள்

ராஜினாமாக் கடிதத்தை ஏழாவது தடவை படிக்கும்போதுதான் கார்னெட்டுக்குத் தெரிந்தது, தன் பெயரிலேயே ஒரு எழுத்தைக் காணோம்!

ஆறு தடவை படித்திருக்கிறான். ஆறு தடவையும் அந்த எழுத்து அங்கேதான் இருக்கிறது என்று கண் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது.

மணி ஒன்று. நாலு மணிக்குக் கர்லிங் கிளப்பின் பொதுக்கூட்டம். செயலாளராக இருப்பவர் போட்டியில் ஆடக்கூடாது, மேஜையில் உட்கார்ந்து புள்ளி எழுத வேண்டும் என்பது அங்கே விதி. ஆறு குளிர்காலமாகக் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் முழுக்கப் பனியில் கல்லைத் தள்ளி, அதன் வழியைத் துடைப்பத்தால் தேய்த்துக் கர்லிங் ஆடிக்கொண்டிருக்க, செயலாளர் கார்னெட் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காகிதம் புரட்டிக்கொண்டிருந்தான். இந்த வருஷம், கிளப்பின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் லைலின் அணியில் ஒரு இடம் காலி. இன்று பதவி தொலைந்தால், நாளைக் காலை அவன் கையில் கல்!

ஆனால் பிழையோடு கொடுக்க முடியாது. காரணம், காபி மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்தது. அவனுக்கு முன்னால் செயலாளராக இருந்த மேவிஸ் எழுதிய ராஜினாமாக் கடிதம். ஒரே பக்கம், பதினேழு பிழைகள். யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஆறு வருஷமாகக் காபி குடிக்க வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். பாவம், மேவிஸும் சேர்ந்து சிரிப்பாள்.

"அந்த மானக்கேடு எனக்கு வேணாம்டா சாமி," என்று போனைத் தட்டினான். சொந்த எழுத்தைத் திருத்த நாலு வழிகள் கிடைத்தன.

முதல் வழி: எழுத்தைப் பெரிதாக்கி, காகிதத்தில் எடுத்துப் படி.

கிளப்பின் பிரிண்டர் சமையலறையில் இருந்தது. அவன் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் சமையல் செய்யும் டார்லீன் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"வெங்காயமா?"

"வெங்காயம் இல்ல, நீதான்! என்னமா எழுதியிருக்கே! 'கனத்த மனதோடு'ன்னு ஒரு எடத்துல எழுதினே பாரு, கத்தியக் கீழ வச்சிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாதே டார்லீன்."

"மூச்சு விடமாட்டேன். ஆனா எம் மவ காலேஜுக்கு ஒரு கடிதம் எழுதணும். படிக்கிறவன் அழணும். திங்கக்கிழமைக்குள்ள குடுத்துடு."

இரண்டு பிழை கிடைத்தது. கூடவே ஒரு வேலையும். வெளியே வந்தால், மெனு எழுதியிருந்த கரும்பலகையில் ஏதோ ஒரு தப்பான எழுத்தை மேவிஸ் விரலால் அழித்து, சாக்பீஸால் சரியாகப் போட்டுவிட்டுப் போனாள். கார்னெட் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

இரண்டாவது வழி: வாய்விட்டுப் படி.

ஆள் இல்லாத இடம் வேண்டுமே! பனியை உறைய வைக்கும் இயந்திரங்கள் இருக்கும் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தான்.

"யார்றா அது, என் கம்ப்ரஸருக்குப் பிரசங்கம் பண்றது?" இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஸ்பேனரோடு எழுந்தான் லைல்.

கார்னெட் எல்லாவற்றையும் சொன்னான்.

"அட, எங்க டீமுக்கா வர்றே? வாடா வாடா! ஆனா ஒன்னு. இந்த கம்ப்ரஸர் சாகக் கெடக்குது. புதுசு கேட்டு நகராட்சிக்கு நான் மூணு கடிதம் போட்டேன், குப்பையில போட்டுட்டானுங்க. நீ ஒன்னு எழுதேன். இப்பப் படிச்சியே, அதே குரல்ல."

"குரலை எப்படிடா எழுதுறது?"

"அதெல்லாம் உனக்கு வரும்."

மூன்றாவது வழி: கடைசி வாக்கியத்திலிருந்து மேலே மேலே படி. இந்த முறை உஷாராகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

"கிளப்புக்கு எப்போது எது தேவைப்பட்டாலும் தயங்காமல் என்னைக் கூப்பிடுங்கள்," என்று கடைசி வரியைப் படித்தான். சரியாக இருந்தது. "இந்தக் கிளப்தான் எனக்கு இரண்டாவது வீடு." அதுவும் சரி. அதற்கு மேலே இருந்த வரிகளைப் படிக்கும்போது, வெளியே யாரோ கை காயவைக்கும் மெஷினை அழுத்தினார்கள். புயல் மாதிரி ஒரு சத்தம்.

கதவைத் திறந்தால், தலைவர் மெர்வின் ஈரக்கையோடும் ஈரக்கண்ணோடும் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டுட்டேம்ப்பா கார்னெட். தனியா இருக்கும்போதுகூடக் கிளப் நெனப்புதானா உனக்கு? நம்ம மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர் இல்லாமக் கெடக்கு, உங்கிட்டக் கேக்கவே கூச்சமா இருந்துச்சு..."

"மெர்வின், அதுக்கு மேல இன்னும் நாலு வரி இருக்கு!"

"அடக்கம் பாரு! இதாம்ப்பா உங்கிட்டப் பிடிச்சதே."

மணி மூன்றே முக்கால். மிச்சம் இருந்தது ஒரே வழி: கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்லி, நீ கேள்.

கார்னெட் தன் மேஜையில் உட்கார்ந்து, காது இரண்டையும் மூடும் பெரிய ஹெட்போனை மாட்டினான். பொத்தானை அழுத்தினான். சத்தமே வரவில்லை. ஒலியைக் கூட்டினான். ம்ஹூம். கடைசி வரைக்கும் கூட்டினான்.

நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துடைப்பங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஒரு கல் மட்டும் கேட்பாரற்றுத் தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

அவசரமாக ஹெட்போனைக் கழற்றினான். காலையில் அறிவிப்பு செய்ய அவனே இணைத்து வைத்த கூரை ஸ்பீக்கர்களில், கம்ப்யூட்டரின் பெண் குரல் அரங்கமே அதிர முழங்கிக்கொண்டிருந்தது: "...ஆகவே, கனத்த மனதோடு விடைபெறுகிறேன்."

கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று.

கூட்டத்தில் மெர்வின் கடிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு தப்பு! ஒரே ஒரு தப்பு காட்டுங்க பாப்போம். இப்படி எழுதுற ஆளை விட்டுட்டு நாம எங்க போய்த் தேடுறது? கார்னெட் இன்னும் மூணு வருஷம் செயலாளரா இருக்கணும், பத்திரிகையையும் பாத்துக்கணும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

டார்லீன் இரண்டு கையையும் தூக்கினாள். கார்னெட் நம்பிக்கையோடு லைலைப் பார்த்தான். லைலின் கையும் மெல்ல எழுந்தது.

"மன்னிச்சிக்கடா. கம்ப்ரஸர்."

எல்லோரும் கலைந்த பிறகு கார்னெட் காபி மெஷின் பக்கம் பேயறைந்த மாதிரி நின்றான். கையில் துடைப்பத்தோடு ஆட்டத்துக்குக் கிளம்பிய மேவிஸ், ஒரு கப் காபி பிடித்துக்கொண்டே, சுவரில் இருந்த தன் கடிதத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்தப் பதினேழையும் யோசிச்சு யோசிச்சுப் போட எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, தெரியுமா?"