மனசு சரியில்ல, லிஃப்ட் சரியா இருக்கா?

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று மேனேஜர் உள்ளே வந்தபோதே முதலாளி பேனாவை மூடி வைத்தார். கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஆள் இல்லை மேனேஜர்.

"நான் என்னய்யா பண்ணேன்?"

"ஹெட் மெக்கானிக் வேலையை விடறாராம். டூல்ஸைப் பையில அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்காரு."

முதலாளி சடாரென்று எழுந்தார். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தார்.

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிப்பது இவருடைய கம்பெனிதான். சமீபத்தில் தொழில் கொஞ்சம் படுத்திருந்தது. புதிதாகக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்ட் வேலை கைக்கு வந்தால் தலை நிமிரலாம். அதற்காக ஆஸ்பத்திரி நிர்வாகி அம்மா இன்று மத்தியானம் நேரில் வருகிறார். ஹெட் மெக்கானிக்கோடு பேசிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இது கைநழுவினால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"எதுக்காம் விடறான்?"

மேனேஜர் போனை நீட்டினார். ஹெட் மெக்கானிக் காலையில் முதலாளிக்கு அனுப்பிய மெசேஜையும், வந்த பதிலையும் கம்பெனி குரூப்பிலேயே போட்டிருந்தார்.

‘சார், மனசு சரியில்ல.’

‘லிஃப்ட் சரியா இருக்கா?’

"இதுல என்னய்யா தப்பு? லிஃப்ட் கம்பெனியில லிஃப்டைப் பத்திக் கேக்காம வேற எதைக் கேப்பாங்க?"

"அது இருக்கட்டும் சார். தம்பி எங்க போச்சு?"

தம்பி என்பது ஆள் இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் முதலாளி காசு கொடுத்து வாங்கிய செயற்கை நுண்ணறிவுச் செயலி. தொழிலாளிகள் முதலாளிக்கு என்ன மெசேஜ் அனுப்பினாலும், அதுவே முதலாளி பேரில் பதில் போட்டுவிடும். லிஃப்டைப் பற்றி என்றால் முதலாளி சோறு தண்ணி இல்லாமல் பேசுவார். மனுஷர்களைப் பற்றி என்றால் விட்டத்தைப் பார்ப்பார். அதனால் அந்தத் தலைவலியை மொத்தமாகத் தம்பி தலையில் கட்டிவிட்டார். தம்பி வந்த நாளிலிருந்து ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லை. வியாபாரிகள் சங்கத்தில் கூப்பிட்டு ‘எந்திர யுகத்தில் முதலாளியின் மனிதநேயம்’ என்ற தலைப்பில் இவரைப் பேசவே வைத்தார்கள். அந்தப் பேச்சையும் தம்பிதான் எழுதிக் கொடுத்தது. இந்த ரகசியத்தை முதலாளி மேனேஜரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

"காலையிலேருந்து அதுக்கு ஏதோ அப்டேட்டாம். சாயங்காலம்தான் எழுந்திருக்குமாம். சரி, ஒரு நாள்தானேன்னு நானே பதில் போட்டேன்."

"நீங்களே போட்டீங்களா?" மேனேஜர் கேட்காமலேயே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கடவுளே. சரி, அவருக்கு என்ன மனக்கஷ்டம்னாவது தெரியுமா?"

"அது தம்பிக்குத்தான் தெரியும். பழைய பேச்செல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. திறக்கவே மாட்டேங்குது."

"போன் போடுங்க சார். கொஞ்சம் அன்பாப் பேசுங்க. வீட்டைப் பத்தி விசாரிங்க. வீட்டைப் பத்தி விசாரிச்சா யாருக்கும் கோவம் வராது."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு போன் போட்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"என்னப்பா, வீட்ல சம்சாரம் சௌக்கியமா?"

ஹெட் மெக்கானிக்கின் குரல் வந்தது.

"சார், அவ கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனதைப் பத்தித்தானே போன வாரம் பூரா பேச்சு?"

முதலாளி அவசரமாகச் சமாளித்தார். "ஆமாமா, தெரியும். அதான், அம்மா வீட்ல சௌக்கியமா இருக்காங்களான்னு கேட்டேன்."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். ஆறுதல் போதவில்லை என்று முதலாளி அதைப் புரிந்துகொண்டார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாத. திரும்பி வந்துடுவாங்க. வராட்டியும் பரவால்ல, வீட்ல யாரும் தேட மாட்டாங்க, ஓவர்டைம் பாக்க வசதியா இருக்கும்."

லைன் கட்டானது. முதலாளி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் சொன்னது தன் காதிலேயே இப்போதுதான் விழுந்தது மாதிரி முகம் வெளுத்துவிட்டது.

"நானா அப்படிச் சொன்னேன்?"

"நீங்கதான் சார்," என்றார் மேனேஜர். "என் போன்ல வேற ஒரு ஏ.ஐ. இருக்கு. இருங்க, அதைக் கேப்போம்."

அது நல்ல பிள்ளையாக யோசனை சொன்னது. நேரில் போங்கள். புன்னகையோடு போங்கள். தோளில் ஆதரவாகக் கை வையுங்கள். முதலாளி பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி அதை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அவருடைய ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேராகிக் கிடந்தது.

கீழே பட்டறையில் கம்பி வடங்களும், கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவுகளும், கிரீஸ் வாடையுமாக இருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி புன்னகைத்தார். பழக்கமில்லாத காரியம் என்பதால் ஒரு பக்க உதடு மட்டும் மேலே போனது.

"சார், பல் வலியா?" என்று வெல்டர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

ஹெட் மெக்கானிக் மூலையில் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தார். முதலாளி நேராகப் போய் அவர் தோளில் ஆதரவாகக் கை வைத்தார். ஆதரவு நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

"ஐயோ, அம்மா!" ஹெட் மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், கதவு இடிச்ச தோள் சார் அது," என்றார் வெல்டர். "லீவுகூட சேங்ஷன் ஆச்சே."

"எந்தக் கதவு? எப்ப இடிச்சுது?" என்று கேட்டார் முதலாளி.

யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள். தன்னுடைய ஆளைத் தன்னுடைய லிஃப்ட் கதவு இடித்திருக்கிறது, அது தனக்குத் தெரியவே தெரியாது என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் காது சுட்டது.

வரவேற்பு மேஜையில் இருக்கிற பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "சார், ஆஸ்பத்திரி மேடம் வந்துட்டாங்க. மேல உக்கார வெச்சிருக்கேன்."

முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் கெடுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்கப்பா. இவ்வளவு நாளா உங்க மெசேஜுக்கெல்லாம் பதில் போட்டது நான் இல்லை. ஒரு மிஷின். உங்க கஷ்டம் ஒண்ணைக்கூட நான் படிக்கல. இவன் சம்சாரம் போனது தெரியாது, தோள்ல அடிபட்டது தெரியாது. எனக்கு மனுஷங்ககிட்டப் பேச வராது. பயம். அதை மறைக்கத்தான் மிஷினை வெச்சேன். தப்புதான். வெக்கமா இருக்கு."

ஸ்பானரைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்துக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். மேனேஜர் ஒரு லிஃப்ட் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

ஒருவரும் எதையும் எறியவில்லை. ஹெட் மெக்கானிக் தோளைத் தடவிக்கொண்டே எழுந்தார். வெல்டரைப் பார்த்தார். வெல்டர் அவரைப் பார்த்தார்.

"அது எப்ப சார் சரியாகும்?" என்று கேட்டார் ஹெட் மெக்கானிக்.

"எது? மிஷினா? சாயங்காலம் வந்துடும்னு சொல்றாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

ஹெட் மெக்கானிக் பையை அவிழ்த்து ஸ்பானர்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சரி சார். நான் போய் மேடத்தைப் பாக்கறேன்," என்று படியேறினார்.

ஆஸ்பத்திரி அம்மா அவரோடு வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, "இவ்வளவு விசுவாசமான ஆளு கிடைக்கறது கஷ்டம்," என்று முதலாளியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. கார் வரைக்கும் போய் அந்த அம்மாவை வழியனுப்பிவிட்டு, திரும்பும்போது வரவேற்பு மேஜை முன்னால் நின்றார். அந்தப் பெண்ணோடு அவர் நின்று பேசுவது இதுதான் முதல் தடவை.

"பாத்தியாம்மா? ஒரு வருஷமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கேன். மனசு விட்டு உண்மையைச் சொன்னதும் அவ்வளவு பேரும் மன்னிச்சுட்டாங்க. மனுஷனுக்கு மனுஷன் பேசினா அதோட மதிப்பே தனி. இனிமே அந்த மிஷினே வேண்டாம், நானே எல்லாருக்கும் பதில் போடப் போறேன்."

அந்தப் பெண் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஐயையோ வேண்டாம் சார், அது மிஷின்னு எங்க எல்லாருக்கும் முதல் நாளே தெரியும், சாப்பிட்டியான்னு கேட்டுச்சே. அதை நிறுத்திட்டு நீங்களே வந்துட்டீங்கன்னு நினைச்சுத்தான் மெக்கானிக் அண்ணன் காலையில வேலையை விடறேன்னாரு."