ஐ வுட் லவ் டு, பட்…

மனைவிக்கு மறுப்புச் சொல்வதற்காகவே ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் ஆண் இந்த நாவற்குடாவில் நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் என்னை வந்து சந்திக்கவும். சேர்ந்து அழலாம்.

தமிழில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. முடியாது என்பதற்கு எங்கள் ஊரில் "ஏலா" என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டே எழுத்து. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது, அந்த இரண்டு எழுத்தும் கலாஜினிக்கு முன்னால் என் வாயிலிருந்து வந்ததேயில்லை. தொண்டை வரைக்கும் வரும். அவள் நிமிர்ந்து "என்ன?" என்பாள். "ஓம்" என்று வெளியே விழும்.

கலாஜினி கொடுமைக்காரி இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அவளைத் திட்டக்கூடாது, முக்கியமாக அவளுக்குக் கேட்கும்படி திட்டக்கூடாது. குறை என் பிறப்பிலேயே இருக்கிறது. ஹாட்வெயார் கடையில் வேலை. கிழமை முழுக்க முதலாளிக்கு ஓம், வாடிக்கையாளருக்கு ஓம், வீட்டுக்கு வந்தால் மூத்த ஓம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மட்டும் தோணியில் ஏறி வாவிக்குள் போய்த் தூண்டில் போடுவேன். மீன் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அந்த அரை நாளுக்காகத்தான் மிச்ச ஆறரை நாளும் உயிரோடு இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்குத்தான் ஆபத்து வந்தது. வாழைச்சேனையில் கலாஜினியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். "வாற ஞாயிறு டவுனுக்குப் போய்ச் சாறி பாக்கோணும்" என்று அவள் இரண்டு முறை பொதுவாகக் காற்றில் சொல்லிவிட்டாள். மூன்றாம் முறை என் முகத்தைப் பார்த்துச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

தோணியில் என்னோடு வரும் வினோஜனிடம் சொல்லிப் புலம்பினேன். அவன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்பவன்.

"அண்ண, எங்கட ஹோட்டல்ல 'நோ' எண்டு சொல்லவே கூடா" என்றான். "ஒரு வெள்ளைக்காரர் ரூமுக்கு யானை கொண்டு வா எண்டாலும் நாங்க நோ சொல்ல மாட்டம். சிரிச்சிக்கிட்டு 'ஐ வுட் லவ் டு, பட்…' எண்டு இழுப்பம். எனக்கு நல்ல விருப்பம்தான், ஆனா… எண்டு அர்த்தம். அவர் சந்தோசமாப் போயிருவார்."

"யானை?"

"யானை வராது."

நான் தூண்டிலைக் கீழே வைத்தேன். என்ன மொழி ஐயா அது! ஓம் என்பது போலத் தொடங்கி, ஏலா என்று முடிகிறது. எனக்கென்றே செய்த மொழி. அன்று மீன் பிடிக்கவில்லை. மூன்று வசனம் பிடித்தேன்.

வியாழக்கிழமை சோறு போடும்போது கலாஜினி கேட்டாள்.

"இஞ்சருங்க, ஞாயிறு சாறி எடுக்கப் போவமா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வினோஜன் சிரிப்பது போல் சிரித்தேன்.

"ஐ வுட் லவ் டு, பட்…"

அவள் கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

"என்னது? பட்டா?"

"பட்டு இல்ல, பட்."

"நான் சாதாரண நூல் சாறி ஒண்டுதான் நினைச்சிருந்தன். நீங்களே பட்டெண்டு சொல்லிட்டீங்களே!"

"கலா, அது இங்கிலிஷ்…"

"ஓம், லவ் எண்டும் சொன்னீங்க, பட்டு எண்டும் சொன்னீங்க. எனக்குக் காதில்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குடும்ப வட்சப் குழுவில் செய்தி போய்விட்டது. 'அவர் எனக்குப் பட்டு எடுத்துத் தாறாராம். தானாச் சொன்னார்.' அவளுடைய தங்கை ஏழெட்டு இதயம் போட்டாள். சகலன் எனக்குத் தனியாக எழுதினார்: 'அண்ண, உங்களுக்கு நாங்க என்ன துரோகம் செஞ்ச?'

மனம் தளரவில்லை. கையில் இன்னும் இரண்டு வசனம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அடுத்ததை எடுத்து விட்டேன்.

"கலா, ஞாயிறு விசயம்… ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட்."

மன்னிக்கவும், முடியாமல் இருக்கிறது என்று அர்த்தமாம். கலாஜினி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அஃப்ரெய்ட் எண்டா பயம்தானே? என்னத்துக்குப் பயப்படுறீங்க? நான் கூட வாறன்தானே?"

"பயம் இல்ல புள்ள, மரியாதைக்குச் சொல்ற…"

"ஆக்களெல்லாம் இந்த வயசிலதான் பயந்து பயந்து நோயெடுக்கிற. பேசாம வாங்க."

பின்னேரம் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் நூல் கட்டுவித்தாள். ஐயர் எதற்கு என்று கேட்டார். "சாறிக் கடைக்குப் போகப் பயப்படுறார்" என்றாள். ஐயர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, இன்னொரு முடிச்சுச் சேர்த்துப் போட்டார்.

சனிக்கிழமை. கடைசி வசனம். இது சின்னது, இதில் பிழை விட இடமில்லை என்று வினோஜன் உறுதி சொல்லியிருந்தான். நான் இதற்கு வரவில்லை, என்னை விடுங்கள் என்று அர்த்தம்.

"ஐ வில் பாஸ்" என்றேன்.

"பஸ்ஸிலயா? மோட்டசைக்கிள் இருக்கக்குள்ள ஏன் பஸ்?"

"பஸ் இல்ல, பாஸ்! பாஸ்!"

"சரி சரி, கத்தாதீங்க. போகக்குள்ள பஸ்ஸில போவம். வரக்குள்ள ஓட்டோ பிடிப்பம், பட்டுக் கசங்கிரும்."

ஞாயிறு காலை பஸ் கல்லடிப் பாலத்துக்கு மேல் போனபோது யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே வினோஜன் தோணியில் தனியாக இருந்தான். அவனுடைய தூண்டில் வளைந்திருந்தது. பெரிய கொடுவாவாகத்தான் இருக்க வேண்டும். நூல் கட்டிய கையை யன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினேன். அவன் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடையில் கணவன்மாருக்கென்று ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் யாரோடும் பேசவில்லை. கலாஜினி ஒரு கத்தரிப்பூ நிறப் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். பிறகு திரும்பி என்னைத் தேடினாள். கல்யாணம், சாமர்த்தியச் சடங்கு, கோயில் எல்லாவற்றுக்கும் அவள் ஒரே பச்சைச் சாறியைத்தான் திரும்பத் திரும்பக் கட்டினாள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் கவனித்ததேயில்லை. அவள் வடிவாக இருந்தாள். உண்மையாகவே வடிவாக இருந்தாள்.

"இதையே எடு" என்றேன். யாரும் கேட்காமல், தமிழில்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, மெய்யச் சொல்லுங்க. இண்டைக்கு வர உங்களுக்கு விருப்பமில்லத்தானே?"

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"பட் எண்டா 'ஆனா' எண்டு தெரியாதவளா நான்? ஓ.எல். சோதனையில இங்கிலிஷுக்கு பி எடுத்தவள். நீங்க?"

நான் என்ன எடுத்தேன் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை.

"அப்ப ஏன் விளங்காத மாதிரி இருந்த நீ?"

"வினோஜன்ட பொஞ்சாதி விதுர்ஷா எனக்கு எல்லாம் சொன்னவ. கட்டின பொஞ்சாதியோட ஆராவது ஹோட்டல் கதை கதைப்பாங்களா? நான் என்ன, உங்கட வீட்டில ரூம் எடுத்தா இருக்கன்?"

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஏலா எண்டு நேர சொல்லியிருந்தா அண்டைக்கே விட்டிருப்பன். நான் என்ன, கடிக்கிறனா? இப்ப ஒருக்காச் சொல்லிப் பாருங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். வாற ஞாயிறு சாறிக்குச் சட்டை தைக்கக் குடுக்கோணும். டவுனுக்கு வாறீங்களா?"

கண்ணை இறுக்கி மூடினேன். ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு… டவுனுக்கு வர… ஏலா!"

வந்துவிட்டது! ஓட்டோக்காரர் திடுக்கிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். வானம் இடியவில்லை. கலாஜினி சிரித்தாள்.

"சரி. நீங்க வர வேணாம்."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். நானும் தங்கச்சியும் போறம்."

பாலம் வந்தது. வாவி வெயிலில் பளபளத்தது. அடுத்த ஞாயிறு, தோணி, கொடுவா, யாரும் எதுவும் கேட்காத அரை நாள். இருபது வருடம் இதற்காகவா பயந்தேன் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நீ தங்கம் கலா" என்றேன்.

"தங்கச்சி தன்ட மூண்டு புள்ளைகளையும் காலையில உங்களிட்டக் கொண்டு வந்து விடுவா" என்றாள். "சின்னவன் தண்ணியக் கண்டா குதிப்பான், வாவிப் பக்கம் மட்டும் கூட்டிப் போயிராதீங்க."