இராஜம்மாவுக்குப் பொருத்தமான உணவகம்

தமிழினம் இதுவரை எடுத்த மாபெரும் முடிவுகளைக் கல்வெட்டில் பொறிப்பதாக இருந்தால், முதல் வரியைப் புக்கிட் ரோத்தான் முன்னாள் தோட்டத்தார் நலச்சங்கத்துக்கு ஒதுக்க வேண்டும். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன்.

எங்கள் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சமைத்த இராஜம்மா அக்கா, முட்டிவலி தாங்காமல் ஓய்வு கேட்டார். அவரைத் 'தக்க முறையில்' கௌரவிக்கத் தீர்மானித்தோம். என்ன வேண்டும் என்று அவரையே கேட்டோம். நாங்கள் ஜனநாயகவாதிகள்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. ஒரு நாள் நான் உக்காந்திருக்கணும், வேற யாராச்சும் பரிமாறணும். சூடா சாப்பிடணும். அவ்வளவுதான்லா."

இவ்வளவு சின்ன ஆசையைச் சட்டென்று நிறைவேற்றினால் சங்கத்துக்கு என்ன மரியாதை? குழு அமைத்தோம்.

வரலாற்று நகரமான கோலசிலாங்கூரில் இரண்டே உணவகங்கள் எங்கள் தகுதிக்கு எட்டின. மலாவத்தி குன்றடியில் பழைய துரை பங்களாவில் நடக்கும் 'மலைமாளிகை'யில் ஆட்டுத்தொடை பிரசித்தம். ஆற்றோரம் கண்ணாடிச் சுவரோடு நிற்கும் 'நதிமுக'த்தில் நண்டு.

தலைவர் திருச்செல்வம் மலைமாளிகை கட்சி. "எங்க தாத்தா அந்த மாதிரி பங்களா வாசல்ல கைகட்டி நின்னவரு. நான் உள்ள உக்காந்து கத்தி முள்ளுல சாப்பிடணும். இது உரிமைப் பிரச்சினை!"

பொருளாளர் உஷாராணி நதிமுகம் கட்சி. "மலைமாளிகையில குரங்கு வரும் சேர்மன். போன தடவ என் ஹேண்ட்பேக்கையே தூக்கிட்டு ஓடிருச்சு."

"குரங்கும் ஹெரிடேஜ்தான் லா!"

'கள ஆய்வு' தவிர்க்க முடியாததாயிற்று. ஆட்டுத்தொடையை மூன்று முறை ஆய்ந்தோம், நண்டை நான்கு முறை. அக்காவை அழைக்கவில்லை, ஆய்வு நடுநிலையாக இருக்க வேண்டும் அல்லவா? ஜூலையில் தொடங்கிய கூட்டங்கள் ஒன்பதை எட்டின. ஒன்பதுக்கும் வடையும் மீ கோரேங்கும் செய்து அனுப்பியவர் அக்காதான். விருந்து முடியும்வரை அவர் 'அதிகாரபூர்வமாக' ஓய்வு பெறவில்லை என்று சட்டதிட்டத்தில் கண்டுபிடித்தவன் நான்.

கடைசியில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நண்டு வென்றது. செப்டம்பர் மூன்றாம் சனி, மதியம் ஒரு மணி.

அக்கா புதுப் பட்டுச்சேலையில் வந்தார். நடு நாற்காலியில் அமர்த்தினோம். பணியாள் அவர் மடியில் துணி விரித்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். முன்பே சொல்லிவைத்த நண்டு ஆவி பறக்க வந்தது.

நாற்பது பேரில் ஒருவரும் கை வைக்கவில்லை.

"சேர்மன்," உஷாராணியின் குரல் இறங்கியது. "இன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமை."

ஆகஸ்டில் முடிந்திருக்க வேண்டிய விருந்து, எங்கள் நிதானத்தால் புரட்டாசிக்குள் நழுவி வந்திருந்தது. மாதம் பிறந்து மூன்று நாளாக எல்லார் வீட்டிலும் சைவம்தான். விருந்துக்கும் நண்டை மாற்றிச் சைவம் சொல்லியிருப்பேன் என்று தலைவர் என்னை நம்பினார். நான் உஷாராணியை நம்பினேன்.

சைவமாக ஏதாவது இருக்கிறதா என்றோம். கீரை வந்தது. அதில் பெலாச்சான் மணந்தது. இறால் விழுதுக்குப் புரட்டாசி தெரியாது.

நெருக்கடியில்தான் தலைமை வெளிப்படும். தலைவர் எழுந்தார். "அக்கா, நம்ம சங்க மண்டபத்துல பருப்பு இருக்குல்ல? ஒரு சாம்பார், ஒரு பொரியல்... சிம்பிளா போதும்."

அக்கா மடித்துணியை எடுத்து மேசையில் வைத்தார். வந்த வேன்களிலேயே எல்லாரும் மண்டபத்துக்குத் திரும்பினோம். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் அடுப்பைப் பற்றவைத்தார். மூன்றரை மணிக்கு இலை போட்டோம். நாற்பது பேருக்கும் அவரே பரிமாறினார்.

"இருபத்திரண்டு ஆண்டில் ஒரு நாளும் முகம் சுளிக்காதவர்," என்று நான் நன்றியுரை ஆற்றினேன். பலத்த கைதட்டல். கௌரவிக்கப்படுபவரைத்தான் காணவில்லை. பொன்னாடையோடு பின்கட்டுக்குப் போனோம். அண்டாவுக்குள் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"போட்டோவுக்குக் கொஞ்சம் சிரிங்கக்கா," என்றேன்.

"எனக்குக் கொஞ்சம் சாம்பார் எடுத்து வைக்கலியா தம்பி?"

மூன்றாம் முறையும் கேட்டு வாங்கி அண்டாவைக் காலி செய்தவர் யார் என்பது கூட்டக் குறிப்பில் இல்லை. குறிப்பு எழுதுபவன் நான்.