மிளகு விற்கும் நேரம்

"ஒழுகுது! மறுபடியும் ஒழுகுது!" என்று அன்னலட்சுமி கத்தியபோது, அழகர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

"சும்மா இரு! மோகனராஜ் சார் பேசுறாரு!"

சந்தா கட்டியவர்களுக்குக் கண்டியிலிருந்து வாராவாரம் வரும் குரல்பதிவு. "மிளகை யாரும் விக்காதீங்க. விலை ஏறும். விக்கிற நேரத்தை நான் சொல்றேன்."

கெலிஓயாவில் அழகரின் வீடு முழுக்க மிளகு மூட்டைகள். அவற்றை விற்றால்தான் கூரைக்குப் புதுத் தகரம்.

மழை மூட்டைகள்மேல் சொட்டியது. கூரைமேல் கட்டியிருந்த தறப்பாளை அவிழ்த்து வந்து மூட்டைகளைப் போர்த்தினார். இப்போது கட்டில்மேலேயே கொட்டியது.

"மிளகுக்குக் குடை, பொண்டாட்டிக்குக் குளிப்பா?"

ஈரம் காய மூட்டைகளை அடுப்படிக்கு இழுத்தார். மிளகில் புகை ஏறியது.

மிளகு வாங்கும் நஸீம் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினான்.

"என்ன அழகரண்ணே இது? முந்தி ஒரு மணியைக் கடிச்சுப் பாத்தே விக்கிற நேரம் சொல்லுவீங்க. ஊரே உங்களப் பாத்துத்தானே வித்திச்சு! இன்டைக்கே தாங்க, எடுக்கிறேன்."

"சார் இன்னும் சொல்லலையே!"

"மிளகு உங்கடயா, சாருடயா?"

அழகருக்குக் கோபம் வந்தது. நஸீமைத் துரத்திவிட்டார். அந்த வாரமே விலை சரிந்தது. சாரின் குரல் மட்டும் சரியவில்லை.

"பதறாதீங்க! விவரம் தெரிஞ்ச பெரிய ஆளுகளே இன்னும் விக்கல!"

மறுவாரம் மிளகில் பூசணம் பூத்தது. அழகர் ஒரு பிடியை அள்ளி அன்னலட்சுமியிடம் காட்டினார்.

"உங்க சார் வீட்டுக் கூரையப் பிரிச்சிட்டு வாங்க!" என்றாள் அன்னலட்சுமி.

பூசண மிளகை ஒரு பையில் அள்ளிக்கொண்டு கண்டி பஸ் ஏறினார். வழியெல்லாம் பல்லைக் கடித்தார். சாரின் வீட்டுக் கதவை உடைப்பதுபோல் தட்டினார். சாரின் மனைவி திறந்தாள்.

"எங்கம்மா உன் வீட்டுக்காரன்? விக்கிற நேரத்தை இன்னைக்கு அவன் சொல்லியே ஆகணும்!"

"கத்தாதீங்கண்ணே! அதுக்குத்தானே கெலிஓயாவுக்குப் போயிருக்காரு. அங்க அழகர்னு ஒரு பெரிய விவரக்காரராம். அவரு வித்துட்டாரான்னு பாத்துட்டு வந்துதான் இவரு எப்பவும் நேரம் சொல்லுவாரு."