காதுகுத்துக்கு வண்டி வராது

கச்சிராயபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் தமிழழகன் வணக்கத்தோடு எழுதுவது. நானும் உங்கள் பேத்தி ஷாலினியும் சுகம் என்று முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே நீங்கள், அத்தை, இளவரசன் மச்சான் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அத்தை அழுகிறார்கள், சிக்னல் இல்லையென்று நீங்கள் கட் செய்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த லோடு வண்டியின் சேஸிஸ் துருப்பிடித்திருக்கிறதே, ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா? அடுத்த மாதம் வெள்ளிமலைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் ஷாலினிக்குக் காது குத்தத் தேதி வைத்தாயிற்று, உங்கள் மகள் ராதிகா ஆசைப்பட்ட மாதிரி அந்த வண்டியிலேயே எல்லாரும் போக வேண்டும் என்றீர்கள். “இன்னா மாப்ள, ஊர் வண்டிக்கெல்லாம் ரெண்டு நிமிசத்துல சொல்றீங்க, சொந்த வண்டிக்கு யோசிச்சிக்கினே இருக்கீங்க” என்றும் கேட்டீர்கள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மாமா, சேஸிஸ் என்பது மேலே இருக்கிற அத்தனையையும் தாங்குகிற இரும்புச் சட்டம். உர மூட்டையும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அதைத் தின்னும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், துரு உள்ளே இருந்து வரும். சுத்தியால் தட்டினால்தான் தெரியும்: நல்ல இரும்பு கணீரென்னும், கெட்டது டொக்கென்னும். தினமும் காலையில் அடியில் படுத்துத் தட்டினேன். வெல்டர் பாவாடை அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “துரு கம்மிதான் தம்பி, நீ தட்டித் தட்டித்தான் ஓட்டை ஜாஸ்தியாயிடுச்சி” என்றார். ஒரு பட்டையை வைத்து ஒட்டிவிடலாமாம். ஒட்டின இடம் நிற்கும், பக்கத்து இடம் நிற்குமா என்று கேட்டேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஒருநாள் ஷாலினியின் ஸ்கூல் வேன் வாசலில் வந்து நின்றபோது கையில் சுத்தி இருந்ததா, அடியில் போய்விட்டேன். உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள், டிரைவர் பூமாலை ஆரன் அடிக்கிறார், நான் பின்பக்கம் வரைக்கும் தட்டிக்கினே போறேன், தெருவே கூடிப்போச்சு. “சார், நீ எழுந்து வந்தாத்தான் புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவும்” என்று குனிந்து கெஞ்சுகிறார். வேனில் ஒன்றுமில்லை மாமா. அதுதான் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. வீட்டுக்குள் வந்து கட்டிலைத் தட்டினேன், மாடிப்படிக் கம்பியைத் தட்டினேன். இப்போது ஷாலினி கரண்டியால் என் முட்டியைத் தட்டி, “சத்தம் நல்லாத்தான் இருக்குப்பா” என்கிறாள்.

ராதிகாவும் பத்து நாளாக ஒண்ணுமில்ல, லேசா அசதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மூணு தெரு தள்ளிப் போற லாரிக்கு பேரிங் போச்சுன்னு காதால சொல்ற எனக்கு அது கேக்கல. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

லோடு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர், பொங்கல் சாமான், இரண்டு ஆடு. வரும்போதும் ஆட்டின் எடை குறையாது, ஆட்களுக்குள் இருக்கும். இருசம்மாள் சின்னத்தையின் எடையை மட்டும் போன் செய்து கேட்டேன். அவர்கள் என்னோடு பேசாததற்கு அதுதான் காரணம், வேறு சண்டை இல்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சட்டம் முறுகும். மூன்றாவது வளைவுக்கு மேல் என்னால் கணக்குப் போட முடியவில்லை, பேனாவை வைத்துவிட்டேன்.

ஆகவே முடிவு: ஒட்டு கூடாது, மாற்றத்தான் வேண்டும், அதற்கு நாளாகும், அதுவரை வண்டி மலை ஏறாது. காதுகுத்து அடுத்த வருஷம் இருக்கட்டும். என்மேல் கோபம் வேண்டாம்.

அத்தையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஷாலினியின் முத்தம். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தமிழழகன்

பின்குறிப்பு: வண்டியைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் போன மாதம் வரைக்கும் நிஜம். புது சேஸிஸ் மாட்டி மூன்று வாரமாகிறது, ஆர்.சி. புத்தகத்திலும் புது நம்பரை ஏற்றியாயிற்று. ஒருநாள் விடாமல் பார்த்துவிட்டேன், வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பத்தான் கை போக மாட்டேன் என்கிறது. தேதியை மாற்றாதீர்கள். ஓட்டுவதற்கு மச்சானை அனுப்புங்கள். ராதிகா உட்காருகிற பக்கம் நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன். அவரை மட்டும் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.